தீபாவளிச் சீரும் குடும்பக் கணக்கும்

குடும்ப வரவு செலவைப் பற்றி உபதேசம் செய்யும் நூல்களிலும், நாட்குறிப்பு ஏடுகளின் பின்பக்கங்களில் அச்சாகும் கணக்குப் பட்டியல்களிலும், வாடகைக்கு ஒரு வரி, மளிகைக்கு ஒரு வரி, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கியபின், எஞ்சியதையெல்லாம் ‘இதரச் செலவு’ என்ற ஒரே தலைப்பின்கீழ்த் தள்ளிவிடுவது வழக்கம். தமிழ்நாட்டுக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கில் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்றாகிய தீபாவளியும் அந்தத் தலைப்புக்குள்தான் போய் ஒடுங்கிக்கொள்கிறது. எதிர்பாராத செலவுக்குரிய லட்சணம் ஒன்றாவது தீபாவளிக்கு உண்டா என்று பார்த்தால், இல்லை. அது வரும் தேதியைப் பஞ்சாங்கம் சித்திரையிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. எத்தனை பேருக்குத் துணி எடுக்க வேண்டும், எந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு போக வேண்டும், எவருக்கு இனாம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சென்ற ஆண்டின் அனுபவத்திலிருந்தே வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. இவ்வளவு முன்கூட்டித் தெரிந்த செலவு, ஐப்பசி பிறந்ததும் வீடுதோறும் ஒரு திடீர் விபத்தைப் போன்ற பணமுடையை உண்டாக்குவது ஏன்? மக்களின் ஊதாரித்தனமே காரணம் என்று கூறிவிடுவது எளிது. அந்த விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

புள்ளிவிவரம் சேகரிப்போர் இந்தச் செலவின் இயல்பைக் கணக்கு ஏடு அச்சிடுவோரைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் அரிசியையும் பருப்பையும் பற்றிக் கேட்கும்போது கடந்த 30 நாட்களின் கணக்கைக் கேட்கிறார்கள். காய்கறி, முட்டை போன்றவற்றுக்குக் கடந்த 7 நாட்கள். துணிமணிக்கும் காலணிக்கும் கடந்த 365 நாட்கள். துணி என்பது மாதந்தோறும் வாங்கும் பொருளன்று, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வாங்கும் பொருள் என்பதை அந்த வினாப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது. அந்த ஆய்வு 2022-23-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைக்கு மாதம் 5,310 ரூபாயும் நகரங்களில் 7,630 ரூபாயும் சராசரிச் செலவு என்று கண்டது. நால்வர் கொண்ட கிராமத்துக் குடும்பம் ஒன்று மாதத்துக்கு 21,240 ரூபாயில் காலம் தள்ளுகிறது என்று இதற்குப் பொருள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தீபாவளிச் செலவு என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட சுபாவமுடைய இரண்டு செலவுகளின் சேர்க்கை. தன் வீட்டாருக்கு எடுக்கும் துணி, தன் வீட்டுப் பிள்ளைகள் வெடிக்கும் பட்டாசு, தன் அடுப்பில் வேகும் அதிரசம், முறுக்கு ஆகியவை ஒரு வகை. இவற்றைக் குடும்பம் தன் சக்திக்கு ஏற்றவாறு கூட்டிக் குறைத்துக்கொள்ள முடியும், குறைத்தும் கொள்கிறது. தாய் இந்த ஆண்டு எனக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லிவிடுவதும், தகப்பன் பழைய வேட்டியின் ஓரத்தில் மஞ்சள் தடவிப் புதிதென்று உடுத்திக்கொள்வதும் நம் வீடுகளில் புதுமையல்ல. மற்றொரு வகை, வாசற்படியைத் தாண்டிப் போகும் செலவு: மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சீர், சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம், வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குப் புடவை, துப்புரவுப் பணியாளருக்கும் தபால்காரருக்கும் காவலாளிக்கும் இனாம். இதன் அளவை நிர்ணயிப்பது கொடுப்பவரின் சக்தி மட்டுமல்ல, வாங்குபவரின் எதிர்பார்ப்பும், பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவரின் நாக்கும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. ஆகையால் வருமானம் சுருங்கும் ஆண்டில் முதலில் சுருங்குவது தன் துணி, கடைசியில் சுருங்குவது சீர். சிக்கனத்தைப் போதிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே வெட்டுவதற்கு அதிகம் எஞ்சியிருப்பதில்லை.

இரண்டாம் வகையின் சிகரம் தலை தீபாவளி. கல்யாணமான முதல் ஆண்டில் மகளையும் மாப்பிள்ளையையும் பெண்வீட்டார் அழைத்து, எண்ணெய் தேய்த்து நீராட்டி, பட்டுப் புடவையும் வேட்டி சட்டையும் கொடுத்து, மாப்பிள்ளை விரலில் ஒரு மோதிரத்தையோ கழுத்தில் ஒரு சங்கிலியையோ போட்டு அனுப்புவது சம்பிரதாயம். 2025 தீபாவளி சமயத்தில் சென்னையில் ஒரு பவுன் தங்கம் தொண்ணூறாயிரம் ரூபாயைக் கடந்திருந்தது. அரைப் பவுன் மோதிரம் என்றாலும், செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்க்காமலேயே, 45,000 ரூபாய்க்கு மேல். அதாவது நாம் மேலே கண்ட நால்வர் குடும்பம் இரண்டு மாதம் உண்டு, உடுத்து, படித்து, பயணம் செய்து வாழும் தொகை ஒரு விரலில் ஏறிவிடுகிறது. அந்த எண் 2022-23-க்கு உரியது, அதன்பின் சற்றே உயர்ந்திருக்கும் என்று தள்ளுபடி செய்தாலும் விகிதம் பெரிதும் மாறிவிடாது. இதுவும் கல்யாணக் கடன் பாதி கூட அடையாத ஆண்டில் வருகிறது என்பதையும், ஆடிச் சீர் முன்னால் போய்விட்டது, கார்த்திகைச் சீரும் பொங்கல் சீரும் பின்னால் காத்திருக்கின்றன என்பதையும் கருதினால்தான் பெண்ணைப் பெற்றவரின் நிலை விளங்கும்.

ஏழைகள் இத்தகைய காரியங்களில் ஏன் செலவிடுகிறார்கள் என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர்களும் எழுப்பியிருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், ராஜஸ்தானத்து உதய்ப்பூர் மாவட்டத்தின் பரம ஏழைக் குடும்பங்களில் நடுத்தரமான ஒன்று தன் ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் திருவிழாக்களுக்கு ஒதுக்குவதைக் காட்டினார்கள். உணவே போதாதவர்கள் விழாவுக்குச் செலவிடுவது முதற்பார்வைக்கு விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் விஜயேந்திர ராவ் கர்நாடகக் கிராமங்களில் நடத்திய ஆராய்ச்சி, 2001-இல் வெளிவந்தது, இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. விழாவில் தாராளமாகச் செலவிட்ட குடும்பங்கள் ஊரில் மதிப்புப் பெற்றதோடு நில்லாமல், உணவுப் பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கவும், பிற வீடுகளின் விருந்துக்கு அதிகமாக அழைக்கப்படவும் செய்தன என்று அவர் கண்டார். கௌரவம் என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்வது, கிராமத்தில், மளிகைக் கடையின் விலையிலும் கைமாற்று கேட்கும் வாசலிலும் பிரத்தியட்சமாக எதிரொலிக்கும் ஒரு சொத்து. பத்திரமோ பட்டாவோ இல்லாதவனுக்கு ஈடு காட்ட வேறென்ன இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான ஒரு வாதமும் உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்ற மாணவர்களிடம் அவற்றின் மதிப்பை விசாரித்து, வாங்கியவர் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுபவரின் மனத்தில் கரைந்துபோய்விடுகிறது என்று கணக்கிட்டார். பணமாகவே கொடுத்திருந்தால் அந்த நஷ்டம் இராது என்பது அவர் வாதத்தின் சாரம். வேண்டாத நிறத்தில் வந்த புடவைகளை அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்கப் பீரோவின் அடித்தட்டில் அடுக்கி வைக்கும் நம் பெண்களுக்கு இந்த உண்மையைப் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. என்றாலும் அவர் கணக்கு சீருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் கருதவில்லை. சீரில் பெறுபவரின் திருப்தி ஓர் அம்சமே. பிறந்த வீடு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, இந்தப் பெண்ணுக்குக் கேட்பார் உண்டு என்று புகுந்த வீட்டாருக்கு அறிவிப்பது அதன் முதன்மையான பிரயோசனம். உறைக்குள் மடித்துக் கொடுக்கும் நோட்டு அந்தச் செய்தியைச் சொல்லாது. கூடத்தில் பரப்பி வைக்கும் தட்டுகள் சொல்லும்.

ஆகவே கொடை நிற்கப் போவதில்லை. ஆராய வேண்டியது, அதற்குரிய பணம் எந்தக் காலத்தில், எந்த வழியில், என்ன விலைக்குத் திரட்டப்படுகிறது என்பது.

காலத்தை முதலில் எடுத்துக்கொண்டால், உழவனுக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒரே தரத்தவை அல்ல. சம்பா அறுத்து, களத்தில் நெல் குவிந்திருக்கும் தை மாதத்தில் பொங்கல் வருகிறது. அதன் சீரும் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, பானை என்று பெரும்பாலும் நிலம் தரும் பொருளாகவே இருப்பது தற்செயலன்று. தீபாவளியோ ஐப்பசி மழையில் வருகிறது. குறுவை விளைந்த வயல்காரனுக்குக் கையில் கொஞ்சம் புரளும். சம்பா ஒன்றையே நம்பியிருப்பவனுக்கு நடவுக்கும் உரத்துக்கும் கொட்டியது மண்ணில் கிடக்கிறது, வானம் பார்த்த பூமிக்காரனுக்கு விதைப்புச் செலவு தலைக்குமேல் நிற்கிறது, கூலியாளுக்கு மழையால் வேலை நின்றுவிடுகிறது. அந்தச் சமயத்தில் ஜவுளிக்கடைக்கும் பட்டாசுக்கும் பொன்னுக்கும் ரொக்கமாக வேண்டும். தீபாவளிக் கடன் என்பது பாதிக்குமேல் இந்தப் பருவக் கோளாற்றின் குழந்தை.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கோளாற்றைச் சட்டம் ஒருவாறு நேர்செய்தது. மேஹர் தலைமையில் 1961-இல் அமைந்த போனஸ் கமிஷனின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், முதலில் 4 விழுக்காடாக இருந்து பின்னர் 8.33 விழுக்காடாக உயர்ந்த குறைந்தபட்சத்தையும், 20 விழுக்காடு என்ற உச்சத்தையும் வகுத்தது; 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரு வீதங்கள் தொடர்கின்றன. 8.33 என்பது நூற்றைப் பன்னிரண்டால் வகுத்து வந்த எண். ஓராண்டு உழைப்புக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதச் சம்பளம். கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கெடு நவம்பர் 30-இல் தீர்கிறது. சட்டம் தீபாவளியின் பெயரை எங்கும் சொல்லவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் அதைப் படித்தவர்களெல்லாம் தீபாவளி என்றே படித்தார்கள். 2015 திருத்தத்தின்படி கணக்கிடும் சம்பளத்துக்கு 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது வரம்பாக வைக்கப்பட்டது. மாநிலப் பொதுத்துறைத் தொழிலாளர்களுக்கு அரசு 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடாக அறிவிக்கும்போது உச்சமாக வரும் 16,800 ரூபாய் இந்த வரம்பின் விளைவே. அரசு ஊழியர்களுக்கோ வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் உண்டு. 2025-இல் அது 10,000-இலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பத்துத் தவணைகளில் மாதம் 2,000 வீதம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தீபாவளியின் கடன் தீர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும் என்றாலும், பண்டிகை ஒரு மாதத்துச் செலவன்று, ஓர் ஆண்டு முழுவதிலும் பரப்பிச் சுமக்க வேண்டிய செலவு என்பதை அரசாங்கமே தன் ஊழியர் விஷயத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

போனஸும் முன்பணமும் எட்டாத வீடுகளே அதிகம். கைத்தறி நெய்பவர், சித்தாள், காய்கறிக் கூடைக்காரி, ஆட்டோ ஓட்டுநர், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவர் ஆகியோர் தமக்குத் தாமே ஒரு பதின்மூன்றாம் மாதத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் தீபாவளிச் சீட்டு. தெருவில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், பெரும்பாலும் ஒரு பெண்ணிடம் அல்லது கடைக்காரரிடம், வாரமோ மாதமோ ஒரு சிறு தொகையைக் கட்டிவர, அவர் அட்டையில் குறித்துக்கொண்டே வந்து, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசுப் பெட்டி, சில்வர் பாத்திரம், சில சமயம் ஒரு சிறு வெள்ளி நாணயம் ஆகியவற்றைக் கொடுப்பார். ஏலம் இல்லாததால் இது கண்டிப்பான அர்த்தத்தில் சீட்டே அல்ல. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் வகுக்கும் தள்ளு, கழிவு எதுவும் இதில் இல்லை. மாதம் 500 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,000. அதையே ஆறரை விழுக்காடு வட்டிக்கு வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டியிருந்தால் ஏறத்தாழ 210 ரூபாய் வட்டி கிடைத்திருக்கும். சீட்டுக்காரர் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்குக் கணக்குக் காட்டுவதில் ஒரு லாபம் அடைகிறார் என்பதும் உண்மை. படித்தவர்கள் இதைக் கண்டு, இந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்கிறார்கள். கணக்குத் தெரிந்துதான் செய்கிறார்கள். வங்கியில் போட்ட பணத்தைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எடுக்கலாம், கணவன் கேட்டாலும் எடுக்கலாம். சீட்டில் போட்டதை எடுக்க முடியாது. எடுக்க முடியாமையையே அவர்கள் அந்த 210 ரூபாய்க்கு விலைக்கு வாங்குகிறார்கள்.

இந்த மனோபாவம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வங்கிகள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நடத்திவந்த கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்குகளில், வாரந்தோறும் கட்டிய பணத்தை டிசம்பர் நெருங்கும்வரை எளிதில் எடுக்க விடுவதில்லை, வட்டியும் சொற்பம். மனிதன் தன் பணத்தை மனத்துக்குள்ளேயே பல அறைகளாகப் பிரித்து வைக்கிறான் என்ற கருத்தை வளர்த்த ரிச்சர்ட் தேலர், 2017-இல் நோபெல் பரிசு பெற்றவர், இந்தக் கணக்குகளைத் தம் வாதத்துக்கு உதாரணமாகக் காட்டினார். சம்பளம் வந்த அன்றே தனித்தனிச் சுருக்குப் பைகளில் பணத்தை முடிந்து வைக்கும் நம் பாட்டிமார், அந்தக் கருத்துக்குப் பெயர் இடாமலே அதை நடத்திவந்தார்கள்.

சீட்டின் மெய்யான அபாயம் வட்டி இழப்பில் இல்லை, முதல் இழப்பில் இருக்கிறது. 2006 அக்டோபரில் பிரிட்டனில் ஃபேர்பாக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கையில் முறிந்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட எளிய குடும்பங்கள் ஆண்டு முழுவதும் கட்டிய பணத்தை இழந்து நின்றன. தமிழ்நாட்டிலும் ஐப்பசி நெருங்குகையில் சீட்டுக்காரர் தலைமறைவு என்ற செய்தி அடிக்கடி பத்திரிகைகளில் வருகிறது. வைப்பீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன; சொத்தை முடக்கலாம், தனி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தலாம். ஆனால் வழக்கு முடிவதற்குள் எத்தனை தீபாவளி கழியும் என்று எவரால் சொல்ல முடியும்? தெருவுக்குள் ஒருவரை ஒருவர் அறிந்து நடத்தும் சீட்டு இவ்வளவு மோசமாக முறிவதில்லை. முகவர்களை வைத்து, பவுன் தருகிறோம், இரட்டிப்புப் பொருள் தருகிறோம் என்று துண்டுப் பிரசுரம் அச்சிடும் சீட்டுத்தான் முறிகிறது. தெருச் சீட்டில் காவலாக இருப்பது சட்டமன்று, அந்தப் பெண் மறுநாளும் அதே குழாயடிக்கு வந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம்.

நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டங்கள் இதன் நாகரிக வடிவம். அவை ஏன் பதினொரு மாதத்தோடு நின்றுவிடுகின்றன என்று பலர் யோசிப்பதில்லை. 2013-இன் கம்பெனிச் சட்டத்தை ஒட்டி 2014-இல் வந்த வைப்பு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாக நேர்செய்யாவிட்டால் அது வைப்புத் தொகையாகக் கருதப்படும். அந்த வலையில் சிக்காமலிருக்கவே கம்பெனிகள் தவணையைச் சுருக்கின. வாடிக்கையாளருக்கு இதில் கிடைக்கும் சலுகை சேதாரத்திலோ கடைசித் தவணையிலோ இருக்கும். ஆனால் அந்தக் கடையிலேயே வாங்கியாக வேண்டும்.

கடன் வழியை இப்போது இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே 6,000 ரூபாயைத் தீபாவளிக்கு முதல்நாள் மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வீதம் வாங்கி, முதலைத் தொடாமல் பத்து மாதம் வட்டி மட்டும் கட்டினால் 1,800 ரூபாய் போய்விடும், முதல் அப்படியே நிற்கும். சேமித்தவள் இழந்தது 210. கடன் பட்டவள் இழந்தது 1,800. பண்டிகையின் செலவு இருவருக்கும் ஒன்றே. தண்டல்காரர் முன்வட்டி பிடித்துக்கொண்டு கொடுத்து நாள்தோறும் வசூலிக்கும் முறையில் இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது; மூன்று வட்டியும் ஐந்து வட்டியும் இன்னும் அன்றாடப் பேச்சில் இருக்கின்றன. சிக்கனம் போதிப்பவர் அதிரசத்தின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதைவிட, செலவின் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம் பின்னோக்கிக் கணக்கைத் தொடங்கச் சொன்னால் குடும்பத்துக்கு மிச்சமாவது அதிகம்.

சீரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது கணக்கு ஏட்டுக்கு வெளியே இருப்பது. தாய் தகப்பன் போன பின்னும் அண்ணன் தம்பிமார் பொங்கல் சீரை உடன்பிறந்தாளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவள் நரைத்த கிழவியான பிறகும் தொடர்கிறது. நிலத்தில் பங்கில்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு ஆண்டுதோறும் செலுத்திய ஒரு சிறு வாடகையாக இதைப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியே. தமிழ்நாடு 1989-இல், மத்திய சட்டம் 2005-இல், மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு கொடுத்துவிட்டன. ஆனால் சகோதரர்களுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் இன்றும் ஏராளம். வழக்குப் போட்டால் சீர் நின்றுவிடும், வாசல் அடைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஒரு கரும்புக் கட்டுக்கும் ஒரு புடவைக்கும் ஈடாக ஏக்கர்க் கணக்கில் நிலம் கைமாறுகிறது என்றால், குடும்பத்தின் மிக லாபகரமான செலவு சகோதரன் கொடுக்கும் அந்தச் சீர்தான் என்று கசப்போடு சொல்லலாம்.

பணம் திரட்டும் வழிக்குத் திரும்பி வருவோம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-இல், ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. மூன்று வட்டிக்கும் ஐந்து வட்டிக்கும் மாற்றாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற வட்டியில் உறுப்பினருக்குள் கடன் புழங்கச் செய்த பெருமை அவற்றுக்கு உண்டு. அந்த வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. ஆயினும் கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் பால் மாடு, ஆடு, தையல் இயந்திரம் என்று எழுதினால்தான் மேலதிகாரிகளுக்குத் திருப்தி. ஆகவே மகளின் தலை தீபாவளிக்கு வாங்கும் கடன் ஏட்டில் ஆடாக மேய்ந்துகொண்டிருப்பது அரிதல்ல. அந்த இடத்தில் தீபாவளி என்றே எழுத அனுமதித்து, ஐப்பசியில் கடனாகக் கொடுப்பதற்குப் பதிலாகக் கார்த்திகையிலிருந்தே அடுத்த ஆண்டுக்கென்று தனிச் சந்தாவாகப் பிடித்து, அதைக் குழுவின் பெயரில் வங்கியில் பூட்டி வைத்தால், தெருச் சீட்டின் கட்டுப்பாடும் வங்கியின் பத்திரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். மாதம் 500 என்றால், இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஓராண்டில் 1,20,000 ரூபாய். அந்தத் தொகையோடு ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு நேரே போகும் இருபது பெண்களிடம் வியாபாரி சொல்லும் விலை, ஐப்பசிக் கூட்டத்தில் ஒற்றையாக நின்று கேட்கும் பெண்ணிடம் சொல்லும் விலையாக இராது.